அருளப்பு அண்ணை கேட்ட ஒரு வரி

ரெய்னர்ஸ் லேனில் நான் வழமையாக மரக்கறி வாங்கும் கடையின் கண்ணாடிக் கதவில்தான் அருளப்பு அண்ணை இறந்துபோனதைப் படித்தேன். ஒரு பக்கம் முருங்கைக்காய் மலிவு விற்பனை, மறுபக்கம் யாரோ ஒரு பிள்ளையின் அரங்கேற்றம், நடுவில் அவர். கறுப்புக் கரை போட்ட தாளில், கடவுச்சீட்டுப் படத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த முகம். அறிவித்தல் ஒட்டி மூன்று நாளாகியிருந்தது. அந்த மூன்று நாளில் இரண்டு தரம் அதே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் வந்திருக்கிறேன். லண்டனில் எந்த வீட்டில் எந்தச் சம்பந்தம் குழம்பினாலும் முதற்செய்தி எனக்குத்தான் வரும் என்று பெருமை பேசித் திரிகிறவன் நான். என் நண்பர் செத்தது மட்டும் கையில் வெண்டிக்காய்ப் பையோடு நிற்கும்போது தெரிய வந்தது.

"தெரிஞ்ச ஆளோ அண்ணை?" என்று கடைக்காரர் கேட்டார்.

"ஓம்."

"காணி அளக்கிற கந்தோரிலை இருந்தவர் போல கிடக்கு."

அறிவித்தலில் அப்படித்தான் இருந்தது. முன்னாள் அரசாங்க வரைபட உத்தியோகத்தர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை. படம் கீறியவர் என்று ஒரு சொல்லும் இல்லை. லண்டனில் எங்கள் ஆட்களை அவரளவுக்குச் சரியாகக் கீறியவர் எவருமில்லை என்பதை அறிந்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர். உங்களில் சிலரை அவர் கீறியுமிருக்கிறார்.

அவர் மனைவி மேரி அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அழுகைக்கு நடுவில் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்பது என் பிறவிக் குணம்.

"ஏனக்கா, படம் கீறினவர் எண்டு போடேல்லை?"

அந்தப் பக்கம் மூக்கைச் சீறுகிற சத்தம் கேட்டது.

"போட்டா திரும்ப அந்தக் கதை வரும் தம்பி. கோயில்லை பெட்டியை வச்சுக்கொண்டு ஆக்கள் அதைக் கதைக்க வேண்டாம்."

அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். நீங்கள் அறிந்தது பிழையான கதை. அது பிழையாகவே நின்றுபோனதற்கு நான்தான் காரணம்.

நான் அவரைச் சந்தித்தது கலைத் தாகத்தால் அல்ல, ஒன்றுக்கு முட்டியதால். எண்பதுகளின் நடுவில், மத்திய லண்டனில் பழைய புத்தகக் கடைகள் உள்ள ஒரு தெருவில், இடம் தேடி அலைந்து, கடைசியில் பழைய அச்சுப் படங்கள் விற்கும் கடையொன்றுக்குள் வாங்க வந்தவன் மாதிரி நுழைந்தேன். கடைக்கார வெள்ளைக்காரர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தை விளங்கிக்கொண்டு நிலக்கீழ் அறைக்குக் கை காட்டினார். படி இறங்கினால், ஒரு மேசை விளக்கின் கீழே, கூர்க் கத்தியால் மட்டை வெட்டிக்கொண்டு ஒரு மனிதர் இருந்தார். தலை நிமிராமலே தமிழில் சொன்னார்.

"இடப்பக்கக் கதவு. சங்கிலியை ரெண்டு தரம் இழுக்க வேணும்."

திரும்பி வந்ததும், நான் தமிழன் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மேலை நிண்டு முருகா முருகா எண்டது கீழை கேட்டது" என்றார். பிறகு மேசையிலிருந்த படத்தை என் பக்கம் திருப்பினார். "வந்ததுக்கு இதையும் பாத்திட்டுப் போம், ஐசே. இந்த மனிசன் ஆர் எண்டு சொல்லும்."

கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டி, கக்கத்தில் ஒரு கட்டுக் கடதாசி. நியாயத்தலத்துப் படியில் நின்று, தோற்றுப்போன விதவைக்கு முன்னால் கண்ணைத் துடைக்கிறார். துடைக்கிற கையிடுக்கால் அடுத்த கட்சிக்காரன் வருகிறானா என்று ஒரு கண் பார்க்கிறது.

"எங்கட ஊர்ப் பிரக்கிராசியார்" என்றேன்.

"நூற்றைம்பது வருசத்துக்கு முந்திப் பாரிசிலை கீறினது" என்றார்.

அவருடைய உத்தியோகம் அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் நையாண்டிப் பத்திரிகைகள் அச்சிட்ட கல்லச்சுப் படங்களுக்கு ஓரம் கட்டி, மட்டை போட்டு, சட்டத்துக்குள் ஏற்றுவது. கொழும்பில் அரசாங்க வரைபடம் கீறிய கை. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து, பெற்றோல் ஸ்டேஷனில் ஒரு வருடம் நின்று, அலுத்துப்போய் இந்தக் கடைக்கு வந்திருந்தது. அன்று அவர் படத்தைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார். அந்தச் சட்டத்தரணியின் வயிற்றுக்குள்ளால் பின்பக்க எழுத்துகள் தெரிந்தன. "பாத்தீரோ? பின்னாலை அண்டைக்குப் பேப்பரிலை வந்த நாடக விளம்பரம். காலமை கோப்பியோடை பாத்துச் சிரிச்சுப்போட்டுப் பின்னேரம் மீன் சுத்தினவங்கள். மீனுக்குத் தப்பினதைத்தான் இப்ப நாங்கள் கண்ணாடிக்குள்ளை வைக்கிறம்."

அதற்குப் பிறகு மதிய இடைவேளைகளில் அந்த நிலக்கீழ் அறைதான் என் பாடசாலை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் நான் போனது மேரி அக்கா கட்டிக்கொடுக்கும் இறால் பொரியலுக்காக. அவர் தன் பங்கில் பாதியைத் தந்துவிட்டுப் படங்களைக் காட்டுவார். வாடகை கட்டாத குடும்பத்தைப் படியில் நிற்கவைத்துக் கதவைப் பூட்டுகிற வீட்டுக்காரர். நாடகம் பார்க்கப் போய்ப் பக்கத்து ஆசனக்காரியைப் பார்க்கிற பெரிய மனிதர். மகனுடைய அபசுரப் பாட்டை விருந்தாளிகளைப் பிடித்துவைத்துக் கேட்கச் செய்கிற தாய்தகப்பன். கடைசிப் படத்தைக் கண்டதும் நான் பொரியலை விழுங்காமல் இருமினேன். முந்தின ஞாயிறு வெஸ்ட் ஈலிங்கில் ஒரு வீட்டில் அதே நாற்காலியில் நான் இருந்திருக்கிறேன்.

அரசனைப் பேரிக்காயாகக் கீறிய கதையையும் அவர்தான் சொன்னார். முதலில் அரசனின் முகம், பக்கத்தில் கன்னம் கொஞ்சம் தொங்கிய முகம், பிறகு இன்னும் கொஞ்சம், கடைசியில் வெறும் பேரிக்காய். அச்சிட்டவர்களைக் கோட்டுக்கு இழுத்தார்கள், மறியலில் போட்டார்கள். அதற்குள் ஊரில் பொடியன்கள் எல்லாச் சுவரிலும் பேரிக்காய் கீறிவிட்டார்கள். "சட்டம் போட்டுப் பத்திரிகையை நிப்பாட்டலாம். சந்தையிலை பேரிக்காய் விக்கிறதை நிப்பாட்ட ஏலாதே" என்று சொல்லிவிட்டு அவர் வாய் திறக்காமல் சிரிப்பார். கொடுப்புக்குள் சிரிப்பதென்று நாங்கள் சொல்லுவோமே, அது அவருக்காகவே உண்டான சொல்.

அந்தச் சிரிப்பின் பெயரைத்தான் நான் என் பத்திரிகைக்கு வைத்தேன். 'கொடுப்புச் சிரிப்பு', நகைச்சுவை மாசிகை, ஆசிரியர் அடியேன். மாசிகை என்பது தலைப்பிலுள்ள சொல். வெளிவந்தது நான் கவுன்சில் கந்தோரில் லீவு எடுக்கும் மாதங்களில் மட்டும். அருளப்பு அண்ணை பேனையால் கீறித் தருவார், நான் போட்டோப் பிரதி எடுத்துச் சேர்ப்பேன். பெறுபேறு வந்த அன்று மற்றப் பிள்ளையின் புள்ளியைக் கேட்கும்வரை தன் பிள்ளையின் புள்ளியைச் சொல்லாத தகப்பன்மார். காஞ்சிபுரச் சேலைக்கு மேலே மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடும் அக்கா. மூக்கைப் பெரிதாக்கும்படி நான் ஒருமுறை கேட்டேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"மூக்கைப் பெருப்பிக்க எவனுக்கும் ஏலும், ஐசே. அந்த ஆளின்ர பயத்தைக் கண்டுபிடிச்சுப் பெருப்பிக்க வேணும்."

ஃபாரஸ்ட் கேட்டில் அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், எங்கள் ஆள்தான், குசினிக் கதவில் 'அவிக்கலாம், பொரிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தார். (இறால் எப்படிப் பொரிபட்டது என்பது மேரி அக்காவின் இரகசியம்.) அண்ணை அவரைச் சாவித் துவாரத்தில் மூக்கை வைத்து மணம் பிடிப்பதாகக் கீறினார். வீட்டுக்காரர் அந்த இதழில் மூன்று பிரதி வாங்கிக்கொண்டு போனார். "அச்சாவாக் கீறியிருக்கிறியள், அடுத்த றோட்டுத் தம்பிராசன்தானே?" என்றும் கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணை சிரிக்கவில்லை. "பாரிசிலையும் உதுதான் நடந்தது. எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரன் எண்டு நினைச்சுத்தான் வாங்கினவங்கள்" என்றார்.

இனி அந்தக் கதை.

எங்கள் கலைவிழாக்களில் விளக்கேற்றல் எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குத்துவிளக்குக்கு ஐந்து திரி. ஏற்ற வேண்டிய பிரமுகர்கள் இருபது பேர். ஏற்றியதை அணைத்து மறுபடி ஏற்றுவோம். ஒப்பனை போட்ட பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் நித்திரையாகிவிடுவார்கள். அதைத்தான் அண்ணை கீறினார். சங்கத் தலைவர் கனகசூரியர், ஊரில் பெயரெடுத்த பிரக்கிராசியார், முகம் கொஞ்சம் கத்தரிக்காய் வாகு. மெழுகுதிரியைப் பிடித்த கை விளக்கில், கண் முழுக்க வீடியோக் கமராவில். பக்கத்தில் அவர் மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அதே கமராவைப் பார்க்கிறார். விளக்கை ஒருவரும் பார்க்கவில்லை. கீழே தலைப்பு: 'கமராவுக்கு ஒரு திரி'.

பத்திரிகையின் ஆண்டு மலருக்காக அதை உண்மையான கல்லச்சிலேயே செய்ய வேண்டுமென்று அவருக்கு ஒரு ஆசை. ஒரு கல்லூரியில் பின்னேர வகுப்பில் சேர்ந்தார். கல்லைத் தூக்க உதவிக்குப் போய், அடுத்த ஒரு கிழமை நான் கூனிக்கொண்டு திரிந்தேன். சுண்ணாம்புக் கல்லை மணலும் தண்ணீரும் விட்டு அரைத்து வழவழப்பாக்கி, கொழுப்பு மையுள்ள பென்சிலால் கீறுவது. தண்ணீர் பூசினால் கீறாத இடம் தண்ணீரைக் குடிக்கும், கீறிய இடம் மையைப் பிடிக்கும். தாளை வைத்து அழுத்தினால் படம். ஆனால் கல்லில் இருப்பதற்கு மறுவளமாக, இடம் வலம் மாறித்தான் தாளில் விழும்.

அது அவருக்குத் தெரியாததல்ல. கொழும்புக் கந்தோரிலும் கல்லச்சு இருந்தது. அங்கே வரைபடத்தைத் தாளில் நேராகக் கீறி, அந்தத் தாளைக் கல்லில் ஒற்றி எடுப்பார்கள். வாழ்நாள் முழுக்க நேராகவே கீறியவர் முதன்முறையாகக் கல்லிலேயே கீறுகிறார். மேரி அக்காவின் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தலைப்பின் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக மறுவளமாக எழுதினார். வகுப்பு ஆசிரியைக்குத் தமிழ் தெரியாதாகையால் திருத்த ஆளில்லை. ஒரு சுழி பிசகாமல் எழுதி முடிக்க மூன்று வகுப்புச் சென்றது. எழுத்தைத் திருப்பிய கவனத்தில் கையைத் திருப்ப மறந்தார்.

தாளில் கனகசூரியர் இடது கையால் விளக்கேற்றினார்.

முதல் தாளை என்னிடம் காட்டியபோது அண்ணையின் கண் எழுத்திலேயே இருந்தது. "ஒரு எழுத்தும் பிழைக்கேல்லை, பாரும்" என்றார், பிள்ளை பெற்றவர் மாதிரி. நான் கையைப் பார்த்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டேன். கமராவைப் பார்க்கிற அவசரத்தில் எந்தக் கையென்றே தெரியாமல் ஏற்றுகிறார், என்ன துணிச்சல், என்ன நுட்பம் என்று எனக்குள் பாராட்டினேன். வேண்டுமென்றுதான் செய்தீர்களா என்று கேட்கவில்லை. பகிடியை விளக்கிச் சொல்லச் சொல்லிக் கேட்பவன் என்று என்னை அவர் நினைத்துவிடக் கூடாதே. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் கல்லை அரைத்து மறுபடி கீறியிருப்பார். நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு, படம் நன்றாக வந்துவிட்டதென்று அவரும் கொடுப்புக்குள் சிரித்தார்.

மலர் வெளிவந்த மறு ஞாயிறு சங்கக் கூட்டம். நானும் அண்ணையும் முன்வரிசையில், குற்றவாளிகளின் இடத்தில். கனகசூரியர் படத்தை மடித்து வைத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னைக் கத்தரிக்காய் மாதிரிக் கீறினது பரவாயில்லை. காலமை சவரம் எடுக்கேக்கை நானும் பாக்கிறனான்தானே. கமராவைப் பாத்ததும் உண்மை. ஆனா விளக்கை நான் எந்தக் கையாலை ஏத்தினனான், அருளப்பு? அதை மட்டும் சொல்லும்."

"வலக் கையாலைதான் ஐயா."

"பேந்தென்ன?"

"கல்லு திருப்பிப்போட்டுது ஐயா."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்க முதல், வேதக்காரன் எங்கட விளக்கைப் பழிச்சுப்போட்டான் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அண்ணை கத்தோலிக்கர். செயலாளர் படத்தை உயர்த்திப் பிடித்தார். "எழுத்தெல்லாம் நேரா நிக்குது. எழுத்தைத் திருப்பத் தெரிஞ்சவருக்குக் கையைத் திருப்பத் தெரியாதோ?" எழுத்து அவ்வளவு திறமாக வந்திருக்காவிட்டால் அண்ணை தப்பியிருப்பார். "கையை விடுங்கோ. தலைவர் வீட்டு அக்காவின்ர சேலைத் தலைப்பைப் பாருங்கோ, வலத் தோளிலை. அவவைக் குஜராத்தி ஆக்கிப்போட்டார்" என்றார் ஒரு பெண்மணி. படத்தில் எல்லாமே மறுவளம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அது சாட்சியாகவில்லை, இன்னொரு குற்றமானது.

கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு வெட்டுமட்டைத் துண்டை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதித் தந்தார்.

"அடுத்த இதழிலை இந்த ஒரு வரியைப் போடும், ஐசே. வேற ஒண்டும் வேண்டாம்."

"போடுறன் அண்ணை."

அவருக்கு அந்த வரி ஏன் வேண்டியிருந்ததென்றும் சொல்ல வேண்டும். சங்கத்தின் சனிக்கிழமைப் பள்ளியில் அவர் சின்னப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தார். கிழமையில் ஐந்து நாள் வேறொருவரின் படத்துக்கு மட்டை வெட்டுகிற மனிதருக்கு அந்த இரண்டு மணித்தியாலம்தான் லண்டன். அடுத்த தவணைக்கு அவரை வரவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வகுப்பு அட்டவணையில் பெயரில்லை, அவ்வளவுதான். பிழை பிழைதான் என்று அச்சில் ஒரு வரி வந்தால் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று அவர் நம்பினார்.

அடுத்த இதழில் நான் என்ன போட்டேன் தெரியுமா? நான்கு பக்கக் கட்டுரை. பேரிக்காய் அரசனையும் மறியலுக்குப் போன சித்திரகாரர்களையும் இழுத்துவந்து, பிரமுகர்களின் பொய்ப் பக்தியை ஒரு இடது கையால் உடைத்த மாவீரராக அருளப்பு அண்ணையை நிறுத்தினேன். அவர் நிலக்கீழ் அறையில் சொன்னவையெல்லாம் அதில் இருந்தன, என் சொற்களாக. பாரிசிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. துணிச்சலான ஆசிரியர் என்று ஒருவர் எழுதியிருந்தார், அதை நான் கந்தோரில் பக்கத்து மேசைக்காரிக்கு மொழிபெயர்த்துக் காட்டினேன். மட்டைத் துண்டிலிருந்த வரியைப் போட்டிருந்தால் கட்டுரை செத்துப்போயிருக்கும்.

அண்ணை கேட்டார். "அந்த வரி?"

"இடம் காணாமல் போச்சுது அண்ணை."

"ஓ." இதழை மடித்துக் கக்கத்தில் வைத்தார். "கட்டுரை வடிவா இருக்கு. ஆனா அதிலை வாற ஆள் நான் இல்லை, ஐசே. அவர் துணிஞ்ச மனிசன். நான் பிழை விட்டவன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் போட்டிருப்பேனோ என்னவோ. அடுத்ததற்கு அடுத்த இதழோடு பத்திரிகை நின்றுபோனது. மட்டைத் துண்டை நான் வீடு மாறும்போது தொலைத்தேன். 'கல்லு திருப்பிப்போட்டுது' என்பது லண்டன் முழுக்கப் பகிடிச் சொல்லானது. பால் பொங்கி வழிந்தாலும் கல்லு திருப்பிப்போட்டுது, கல்யாணம் குழம்பினாலும் கல்லு திருப்பிப்போட்டுது. நானும் அதை இரண்டு மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். ஒன்றில் அண்ணை கடைசி வரிசையில் இருந்தார். அவரும் கை தட்டினார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களில் ஒருவரையும் அவர் கீறவில்லை.

சில வருடம் கழித்துக் கனகசூரியருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. கையும் காலும் போய், வாயும் பாதி போயிற்று. நம்முடைய சனம் என்ன கதைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 'அருளப்பு கீறினது பலிச்சுப்போட்டுது.' அது அண்ணையின் காதுக்குப் போன அன்று எனக்கு ரெலிபோன் எடுத்தார். "உம்மிட்டைக் கார் இருக்குத்தானே. என்னை ஒருக்கால் அங்கை கொண்டுபோய் விடும். எனக்கு அவரைப் பாக்க வேணும்."

ஹரோவில் அவர் வீடு. பின்னேர வெயில் விழுகிற முன்னறையில் கனகசூரியர் சாய்கதிரையில் இருந்தார். மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து கணவருடைய இடது கையில் கொடுத்தார். கோப்பை ஆடியது, ஆனாலும் அவரே குடித்தார். மடியில் கிடந்த வலது கையை ஒருவரும் பார்க்காமலிருக்கப் பாடுபட்டோம். பேத்தியின் பிறந்தநாளுக்கு விளக்கேற்றக் கூப்பிட்டார்களாம், இவர் மாட்டேன் என்றுவிட்டாராம். மனைவி அதைச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கனகசூரியர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "உம்முடைய படம்… சரியாப் போச்சு, அருளப்பு."

குத்திக்காட்டவில்லை. ஒரு பகிடி மாதிரித்தான் சொன்னார். அண்ணை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார், கோட்டுக் கூண்டில் நிற்பவர் மாதிரி.

"ஐயா, அது பிழையா வந்தது. வேணுமெண்டு செய்யேல்லை."

"தெரியும். இரும்."

"சத்தியமா ஐயா."

"தெரியும் எண்டுறன். அண்டைக்கு வீட்டை வந்து… படத்தைக் கண்ணாடிக்கு முன்னாலை பிடிச்சனான். இவவின்ர தலைப்பு இடத் தோளுக்கு வந்திட்டுது. எல்லாம் நேராப் போச்சு. சாட்சியைப் பாக்கிறதுதானே என்ர தொழில்."

நான் வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாம். "அப்ப ஏன் ஐயா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்றேன்.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "குற்றம் சுமத்தினவன் நானே எழும்பி அவருக்காகக் கதைச்சா… பெருந்தன்மை காட்டுறான் எண்டுவாங்கள். உம்மடை பேப்பரிலை ஒரு வரி வரும், அதைக் கையிலை வச்சுக்கொண்டு கதைப்பம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கட்டுரைதான் வந்தது." பாதி வாய் சிரித்தது. "நல்ல கட்டுரை."

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. கனகசூரியரின் கதிரைக்குப் பக்கத்தில் போய், மடியில் கிடந்த வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்து வைத்துக்கொண்டார். அந்தக் கைக்கு அது தெரிந்திருக்காது. நான் சுவரிலிருந்த கலண்டரை மூன்று மாதம் முன்னுக்கும் பின்னுக்கும் படித்தேன்.

திரும்பி வரும்போது காரில் நானாக ஏதாவது சொல்லத் தொடங்கி, ஒவ்வொன்றும் பகிடியாகவே வாயில் வர, விழுங்கினேன். எனக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது என்பது அன்றுதான் தெரிந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது அவர் கேட்டார்.

"படத்திலை ஐயாவின்ர மூக்கு நல்லா வந்திருந்தது, என்ன?"

"ஓம் அண்ணை."

"அதைத் திருப்பினாலும் மூக்குத்தான்" என்றுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கனகசூரியர் போன வருடம் இறந்தார். இப்போது அருளப்பு அண்ணை. அடக்கப் பூசையில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் கனகசூரியரின் மனைவி இருந்தார், பழைய செயலாளரும் இருந்தார். கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் இருந்தார்கள். நான் ஒன்றுக்குப் போக இடம் தேடிய கதையைச் சொன்னேன். கோயில் என்பதையும் மறந்து எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அடுத்ததாக அந்த வரியைச் சொல்ல வாய் திறந்தேன். மேரி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ரெலிபோனில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. வந்து இருந்துவிட்டேன். அது அவருக்காகவா, எனக்காகவா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டு மேசையில் மேரி அக்கா பக்கத்தில் வந்து இருந்தார். கையில் அண்ணையின் செபப் புத்தகம். அதற்குள்ளிருந்து ஒரு வெட்டுமட்டைத் துண்டை எடுத்து என் தட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் தொலைத்ததன் இன்னொரு பிரதி.

"இது உங்களுக்குத்தான் தம்பி. நீங்கள் திரும்பப் பேப்பர் தொடங்கினா தரவேணும் எண்டு எழுதி வச்சிருந்தவர்."

"நான் எழுதினா அந்தக் கதை திரும்ப வருமேக்கா?"

"வரட்டும். இனி அவருக்குக் கேளாது. பிழையை எண்டாலும் சரியாக் கதைக்கட்டும்." பிறகு என் தட்டத்தைப் பார்த்தார். "இறால் போட்டுக்கொள்ளேல்லையோ?"

போட்டுக்கொண்டேன். மட்டைத் துண்டில் எண்ணெய் படாமல் தட்டத்தைத் தள்ளிவைத்தேன்.

அவருடைய பிரெஞ்சுக்காரர்களின் படங்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர் கீறிய கல்லை அடுத்த மாணவருக்காக அந்த வாரமே அரைத்துவிட்டார்கள். பயத்தைப் பெருப்பிக்க வேண்டும் என்று அவர் சொன்னது இருக்கிறது, இத்தனை வருடம் அதை மற்றவர்களுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இறாலின் ருசி இருக்கிறது. ரெண்டு தரம் சங்கிலி இழுக்கிற பழக்கமும் இருக்கிறது. மிச்சம் இந்த மட்டைத் துண்டு. இதைப் படிக்க வேண்டிய கனகசூரியர் இல்லை, எழுதியவரும் இல்லை. அந்தப் பள்ளியில் அப்போது படித்த பிள்ளைகளில் அரைவாசிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனாலும் அவர் எழுதியபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல்:

'சென்ற இதழில் தலைவர் அவர்கள் இடது கையால் விளக்கேற்றுவதாக வந்த படம் என் பிழை. அவர் வலது கையால்தான் ஏற்றினார். அருளப்பு.'

அடிமட்டம் வைத்து அளந்து பார்த்தேன். இரண்டு அங்குலம். இடம் இருந்திருக்கிறது.